‘சாமி’ என்றால் உட்கார்

புரட்டாசி முதல் சனிக்கிழமை காலை, என் கணவரின் அண்ணன் குடும்ப வாட்ஸப் குழுவில் இட்ட செய்தி இது. எழுத்துப் பிழைகளை மட்டும் திருத்தியிருக்கிறேன். திமிரில் கை வைக்கவில்லை.

“அம்மா இப்ப பரவால்ல. எங்கூட்டுல ரூமெல்லாம் மாடியில, கீழ பூராவும் கிரானைட்டு. இடுப்பு ஆப்பரேசன் ஆனவங்களுக்கு ஆவாது. மூணாஞ் சனி கழிஞ்சு ஞாயித்துக்கெழம சேலத்துக்குக் கூட்டிட்டு வாரேன், தம்பி ஊட்டுல கொஞ்ச நாளைக்கு இருக்கட்டும். திரும்ப ஒருக்கா உழுந்தா எந்திரிக்க முடியாதுன்னு டாக்டர் சொல்லிப்போட்டாரு. அந்த நாயி அம்மா மேல தாவுச்சுன்னா அன்னைக்கே வண்டியில போட்டுப் பண்ணைக்குக் கொண்டாந்து கட்டிப்போடுவேன். இதுல பேச்சு இல்ல.”

செய்திக்குக் கீழே சொந்தக்காரர்கள் வரிசையாகக் கும்பிடும் கைகளைப் போட்டிருந்தார்கள். அம்மா தேறியதற்கா, நாய்க்குக் கிடைத்த தண்டனைக்கா என்று தெரியவில்லை. என் கணவரும் ஒரு கும்பிடு போட்டிருந்தார். அண்ணன் எதைச் சொன்னாலும் கும்பிடுவது அவருக்குப் பல்துலக்குவது போல.

பண்ணை என்பது நாமக்கல் பக்கம் இருக்கும் அண்ணனுடைய கோழிப்பண்ணை. தீவனக் குடோன் வாசலில் ஒரு நாயைக் கட்டிவைத்திருப்பார். போன தைப் பொங்கலுக்குப் போனபோது அதைப் பார்த்தேன். சங்கிலியின் நீளத்துக்கு மண்ணில் ஒரு வட்டம் தேய்ந்திருந்தது. வட்டத்துக்கு வெளியே புல், உள்ளே ஒன்றும் இல்லை. “காவலுக்குன்னா இப்படித்தான் இருக்கோணும், கோவம் ஏறும்” என்று அவர் விளக்கம் சொன்னார். அந்த நாய் கோபமாக இல்லை. அதற்கு எதுவுமே மிச்சமில்லாதது போல இருந்தது. எங்கள் நாய் அங்கே போகக் கூடாது என்பது மட்டும்தான் அந்தப் புரட்டாசி முழுவதும் எனக்கு இருந்த கவலை.

எங்கள் நாய் லாப்ரடார் வகை. பெங்களூரில் வேலை பார்க்கும் மகன் ஆசையாக வாங்கி, வாடகை வீட்டுக்காரர் ஆட்சேபித்ததும் சேலம் கொண்டப்பநாயக்கன்பட்டியில் இருக்கும் எங்கள் வீட்டில் கொண்டுவந்து விட்டுவிட்டுப் போனது. இந்தத் தலைமுறை பெற்றோரிடம் ஒப்படைக்கும் பொருட்களில் நாய்தான் கொஞ்சம் அன்பானது என்பதால் நான் மறுக்கவில்லை. கூடவே ஒரு வெளிநாட்டுப் பெயரையும் வைத்துவிட்டுப் போயிருந்தான். திருச்செங்கோட்டுக்காரரான என் கணவரின் வாயில் அந்தப் பெயர் நுழையவில்லை. அவர்கள் பக்கத்தில் பெரியவரும் சாமி, குழந்தையும் சாமி, பால்காரரும் சாமி. எனவே நாயும் சாமி ஆயிற்று. நான் ஆத்தூர் பக்கத்தவள். எங்கள் ஊரில் கோயிலில் இருப்பதற்கு மட்டும்தான் அந்தப் பெயர். அதனால் நாயை நான் அப்படிக் கூப்பிட்டதில்லை.

ஆடிப்பெருக்கன்று என் கணவரின் அண்ணன் வந்திருந்தார். முந்தின நாள் மழையில் வாசல் சேறாகிக் கிடந்தது. வெள்ளை வேட்டி, வெள்ளைச் சட்டை. கேட்டைத் திறந்து உள்ளே வந்தவர் மீது நாய் இரண்டு முன்னங்கால்களையும் வைத்து எழுந்து நின்றது. அவர் சேற்றில் உட்கார்ந்துவிட்டார். நாய் அவர் முகத்தை நக்கியது. அவரை அவ்வளவு நெருக்கமாக யாரும் நேசித்து நான் பார்த்ததில்லை.

எழுந்ததும் அவர் நாயைப் பார்க்கவில்லை, என்னைப் பார்த்தார்.

“ஏனம்மிணி, போன வாரம் உங்கண்ணன் வந்தப்பப் பூனையாட்டம் உக்காந்துட்டிருந்துச்சாமா. எங்க சனத்தக் கண்டா மட்டும் மேல உழுகுது. ஆரு சொல்லிக்குடுத்ததோ!”

“நான் எதுக்கு மாமா சொல்லிக்குடுக்கப்போறேன்?”

“இல்ல, படிச்சவீகளாச்சே. புஸ்தகத்துல இருக்குமாட்ட இருக்குது.”

என் கணவர் சிரித்தார். அந்தச் சிரிப்பைத் தேதியோடு குறித்து வைத்திருக்கிறேன்.

ஆனால் அண்ணன் சொன்னதில் ஓர் உண்மை இருந்தது. அதைக் கண்டுபிடித்த பெருமை அவருக்குச் சேராது, குறைசொல்லும்போது தவறிக் கையில் பட்டது. நாய் எல்லார் மேலும் தாவவில்லை. மின்சார ரீடிங் எடுக்க வருபவர் மேல் தாவியதில்லை. துணி தேய்ப்பவர் மேல் தாவியதில்லை. என் அண்ணன் மேல் தாவியதே இல்லை. என் கணவர் வீட்டார் வந்தால் மட்டும் தாவியது. வாசனையா, வெள்ளை வேட்டியா, உரத்த குரலா என்று யோசித்துக்கொண்டே இருந்தேன். விடை பிடிபடவில்லை. என் கணவர் மேலும் அது அடிக்கடி ஏறும், ஆனால் அது செல்லம் என்று நான் கணக்கில் எடுக்கவில்லை.

வாட்ஸப் செய்தி வந்த மறுநாளே என் கணவர் ஒரு பயிற்சியாளரை அழைத்து வந்தார். தெருவில் பலர் வீட்டு நாய்களைப் பழக்கியவராம். மாஸ்டர் என்று சொல்லிக்கொண்டார். கறுப்புக் கண்ணாடி, உள்பக்கம் முள் வைத்த கழுத்துச் சங்கிலி, கையில் பிரம்பு. தமிழில் நாயிடம் ஒரு சொல்கூடப் பேச மாட்டார். “சிட்! ஸ்டே! நோ!” ஏதோ ராணுவத்தில் பாதியில் ஓய்வு பெற்றவர் போன்ற குரல்.

சங்கிலியை ஒருமுறை சுண்டினார். நாய் கீச்சென்று கத்தியபடி உட்கார்ந்தது. உடனே என்னைத் திரும்பிப் பார்த்தார், கைதட்டலுக்கு நிற்கும் வித்தைக்காரர் போல.

“பாத்தீங்களா மேடம்? பயம் இருந்தாத்தான் பாசம் வரும்.”

“உங்க ஊட்டுலயும் இப்படித்தானுங்களா?” என்று என் கணவர் கேட்டார். கிண்டலுக்கல்ல, உண்மையாகவே தெரிந்துகொள்ளத்தான் கேட்டார்.

மாஸ்டர் கண்ணாடியைக் கழற்றித் துடைக்கத் தொடங்கினார். நான் சங்கிலியைக் கழற்றி அவர் கையில் கொடுத்து அனுப்பினேன். அன்று மாலைவரை நாய் கட்டிலுக்கு அடியிலிருந்து வெளியே வரவில்லை. அது கற்றுக்கொண்டது உட்காருவதை அல்ல. கண்ணாடி போட்டவர்கள் வந்தால் கட்டிலுக்கு அடியில் இடம் இருக்கிறது என்பதைத்தான்.

எனக்குத் தெரிந்த முறை வேறு. படித்துத் தெரிந்துகொண்டதுதான், அதில் வெட்கமில்லை. நாய் செய்யும் நல்ல காரியத்தை அது செய்யும் நொடியிலேயே கவனித்து, ஒரு துண்டு தீனி கொடுக்க வேண்டும். வேண்டாத காரியத்துக்கு ஒன்றும் கொடுக்கக் கூடாது: அடியும் கிடையாது, கத்தலும் கிடையாது, கையால் தள்ளுவதும் கிடையாது. தள்ளினால் நாய்க்கு அது விளையாட்டு. நாம் கத்தினால், கூடச் சேர்ந்து குரைக்கிறோம் என்று அது நினைத்துக்கொள்ளும். தாவினால் முதுகைத் திருப்பிக்கொள்ள வேண்டும். நான்கு கால்களும் தரையில் இருந்தால் தீனி. அவ்வளவுதான். இது புரியாத பெரிய மனிதர்கள் நம் மாவட்டத்தில் ஏராளம்.

கணவரின் அண்ணனிடம் தொலைபேசியில் இதைச் சொன்னபோது அவர் சிரித்த சிரிப்பு அடுத்த அறைக்குக் கேட்டது.

“தின்னக் குடுத்து உக்கார வெக்கறதுக்குப் பேரு பழக்கமா அம்மிணி? அது லஞ்சமுங்க!”

எங்கள் வீட்டுக்கு வந்தால் சமையலறையிலிருந்து காபி வாசனை வந்த பிறகுதான் அவர் நாற்காலியில் உட்காருவார். அதுவரை நின்றபடியே, உடனே புறப்பட வேண்டும் என்று சொல்லிக்கொண்டிருப்பார். அதை லஞ்சம் என்று நாங்கள் யாரும் சொன்னதில்லை.

வேகவைத்த முட்டையின் வெள்ளைக்கருவைச் சிறு துண்டுகளாக நறுக்கித் தொடங்கினேன். அன்றே என் கணவர் தடுத்தார்.

“பொரட்டாசி. ஊட்டுக்குள்ள முட்ட வேணாம்.”

“நாய்க்குத்தாங்க.”

“நாயும் நம்மூட்டுலதான இருக்குது?”

அண்ணன் லாரி லாரியாக முட்டை அனுப்பும் குடும்பம். அந்த மாதமும் லாரிகள் நிற்கவில்லை. ஆனால் எங்கள் வீட்டு நாய் விரதம். சரி என்று தேங்காய்ச் சில்லுக்கு மாறினேன். நாய்க்குத் தேங்காயும் பிடித்திருந்தது. மனிதர்களின் மதிகெட்ட விதிகளை அது பெருந்தன்மையோடு ஏற்றுக்கொள்ளும்.

உட்காருவதை அது சீக்கிரமே கற்றுக்கொண்டது. சாப்பாட்டுத் தட்டு வைக்கும் முன் உட்கார்ந்தது. கேட் திறக்கும் முன் உட்கார்ந்தது. தெருவில் நடக்கும்போது, ஏற்காட்டுக்கு ஏறும் வண்டிகள் ஹாரன் அடித்துக்கொண்டு போனாலும் என் காலருகே உட்கார்ந்தது. ஆனால் எனக்கு நிம்மதி வரவில்லை. ஆடி மாதத்திலும் இது மற்றவர்களிடம் ஒழுங்காகத்தானே இருந்தது? தாவ வைத்தது எது என்று தெரியாமல், தாவாது என்று எப்படி நம்புவது?

விடை ஒரு புதன்கிழமை மாலை கிடைத்தது. என் கணவர் சாய்வு நாற்காலியில் படுத்தபடி ஸ்பீக்கரில் தன் அம்மாவிடம் பேசிக்கொண்டிருந்தார். நாய் மூலையில் நல்ல தூக்கத்தில் இருந்தது. தொலைபேசியில் மாமியாரின் குரல்:

“சாப்பிட்டயா சாமி? வா சாமின்னு கூப்புட்டாக்கூட வாரதில்ல, பெத்தவள மறந்துபோட்ட…”

நாய் எழுந்தது. தூக்கக் கண்களோடு நேராக நடந்து வந்து, என் கணவரின் நெஞ்சில் இரண்டு கால்களையும் தூக்கி வைத்து நின்றது.

“இதுக்கு இந்தப் பழக்கத்த யாருங்க கத்துக்குடுத்தது?” என்று கேட்டேன்.

அவர் நாயின் காதைத் தடவியபடி சொன்னார்: “ஆரும் கத்துக்குடுக்கலயே. குட்டியா இருந்தப்ப வா சாமின்னு நெஞ்சத் தட்டுவேன், வந்து ஏறிக்கும். பிஸ்கோத்துக் குடுப்பேன். அவ்வளவுதான்.”

அவ்வளவுதான்! நான் படித்த முறையை எனக்கு முன்பே, எந்தப் புத்தகமும் படிக்காமல், தவறான காரியத்துக்குக் கச்சிதமாகச் செய்து முடித்திருக்கிறார். ‘சாமி’ என்றால் நெஞ்சில் ஏறு என்று அந்த நாய்க்குப் பொருள். அவர் வீட்டார் கேட்டுக்குள் நுழையும்போதே “என்ன சாமி, நல்லா இருக்கறயா?” என்றுதான் நுழைவார்கள். நாயிடம்கூட அல்ல, தங்களுக்குள்ளேயே. அந்தச் சொல்லுக்குத்தான் நாய் கீழ்ப்படிந்தது. ஆடிப்பெருக்கன்று சேற்றில் உட்கார்ந்தவர், தானே அழைத்ததால்தான் உட்கார்ந்தார். மாமியாரோ வாயைத் திறந்தால் சாமி. இனி அவர் வாக்கர் வைத்துக்கொண்டு நின்று, ஆசையாக “வா சாமி” என்பார்.

என் கணவர் உடனே ஒரு தீர்வு சொன்னார். இனிமேல் வீட்டில் யாரும் அந்தச் சொல்லைச் சொல்லக் கூடாது. மறுநாள் காலையிலேயே பால்காரரிடம், “சாமி, நாளைக்கு அரை லிட்டர் சேத்திக் குடு” என்றார். நாய் ஏறியது. பிறகு பூஜை அறைக்குப் போகும்போது, “நான் சாமி கும்புட்டுட்டு வந்தர்றேன்” என்றார். நாய் ஏறியது. விபூதித் தட்டு கவிழ்ந்தது. அதைக் கூட்டிக்கொண்டே, “அட சாமி!” என்றார். நாய் மறுபடியும் ஏறியது. கொங்கு நாட்டு ஆண் ஒருவர் அந்தச் சொல் இல்லாமல் ஒரு பொழுதைக் கடத்த முடியாது என்று அன்று தெரிந்தது. பேச்சை அவர்களிடமிருந்து எடுப்பதைவிட, நாயிடம் அதன் பொருளை மாற்றுவது எளிது. இருவரில் கற்றுக்கொள்ளக்கூடியது நாய்தான்.

அன்றிலிருந்து ‘சாமி’ என்றால் உட்கார். முதலில் நானே மெல்லச் சொன்னேன். “சாமி” என்று சொல்லியபடியே தேங்காய்ச் சில்லை அதன் மூக்குக்கு மேலே கொண்டுபோனேன். மூக்கு மேலே போனதும் பின்பகுதி தானாகத் தரையில் பட்டது. சில்லைக் கொடுத்தேன். ஏறினால் திரும்பி நின்றுகொண்டேன். கொஞ்சநேரம் பழக்கி, அது சலிக்கும் முன்பே நிறுத்திவிடுவேன். பிறகு என் கணவரைச் சொல்ல வைத்தேன். அங்கேதான் தொல்லை. நாய் அவர் மேல் ஏறினால் முதுகைத் திருப்ப வேண்டியவர், “பாவம் புள்ள, ஆசையா வருது” என்று தலையைத் தடவிவிடுவார். அன்றைய வேலையெல்லாம் பாழ்.

“நீங்க முதுகத் திருப்பாட்டி நாய் பண்ணைக்குப் போகுங்க.”

“ஒருக்காத் தடவுனா என்ன ஆயிருமாமா?”

“சங்கிலியில கட்டுவாங்க. உங்கண்ணன்.”

அதன் பிறகு திருப்பினார். முகம் மட்டும் தூக்குத் தண்டனை எழுதும் நீதிபதியுடையது போல் இருந்தது.

வாக்கர் தரையில் டொக் டொக் என்று தட்டும் ஓசை புதிதாக இருந்தால் நாய் மிரளக்கூடும். அதனால் கடைசி நாட்களில் என் கணவர் ஒரு பிளாஸ்டிக் ஸ்டூலைப் பிடித்துத் தட்டிக்கொண்டு, குனிந்து, தன் அம்மாவின் குரலில், “வா சாமி, வா” என்றபடி கூடத்தில் நடப்பார். நாய் ஓடி வந்து அவர் முன் உட்காரும். சில்லை வாங்கிக்கொள்ளும். அவருடைய வாழ்க்கையில் அண்ணனுக்குத் தெரியாமல் அவர் செய்த மிகத் துணிச்சலான காரியம் அதுவாகத்தான் இருக்கும். ஜன்னல் திரையை இழுத்துவிட்டுத்தான் செய்தார்.

மூன்றாம் சனி கழிந்தது. ஞாயிறு காலை வண்டி வந்து நின்றது. அண்ணன் முதலில் இறங்கி, பின்கதவைத் திறந்து வாக்கரை எடுத்தார். அதன் அடியில் சுருட்டி வைத்த புதுச் சங்கிலி கிடந்தது. தன் அம்மாவுக்கு ஒரு தலையணை எடுத்துவைக்கத் தோன்றாத மனிதருக்கு, சங்கிலி எடுத்துவைக்கத் தோன்றியிருக்கிறது. அவர் தன் தாய் விழாமலிருக்க வரவில்லை. தான் சொன்னது நடப்பதைப் பார்க்க வந்திருக்கிறார் என்று எனக்குப் பட்டது.

“நாயக் கட்டலயா?” என்றார்.

“இல்லைங்க மாமா.”

“கட்டலயா!” என்று தம்பியைப் பார்த்தார். தம்பி மாமரத்தைப் பார்த்தார்.

மாமியாரைத் தாங்கி இறக்கினோம். வாக்கரைப் பிடித்துக் கேட்டுக்குள் வந்தார். மெலிந்திருந்தார், வாய் மட்டும் மெலியவில்லை. வராந்தாவில் நின்ற நாயைக் கண்டதும் முகமெல்லாம் மலர்ந்தது.

“அட, வா சாமி! வா! என்னைய மறந்துட்டயா?”

நான் தேங்காய்ச் சில்லோடு அவர் பக்கத்தில் நின்றேன். நாய் படிகளில் இறங்கி ஓடி வந்தது. அந்த ஓட்டத்தில் பழைய பொருளும் இருந்தது, புதிய பொருளும் இருந்தது. வாக்கருக்கு முன்னால் வந்ததும் அதன் ஒரு முன்னங்கால் தரையை விட்டு எழுந்தது. அண்ணன் வண்டியை நோக்கி ஓரடி வைத்துவிட்டார். உயர்ந்த கால் காற்றில் நின்றது. பிறகு இறங்கியது. வால் மண்ணைக் கூட்ட, நாய் மாமியாரின் காலடியில் உட்கார்ந்து அண்ணாந்து பார்த்தது. நான் குனிந்து, அதன் முகத்துக்கு நேராகத் தாழ்வாகச் சில்லை நீட்டினேன். இன்னொன்றும் கொடுத்தேன்.

“என்ன இது, கலெக்டரக் கண்டாப்பல மருவாதியா உக்காருது!” என்றார் மாமியார். சின்ன மகனைப் பார்த்து, “பாத்தயா? உங்கொண்ணன் இருக்கறானே, இத்தன வருசத்துல எம்முன்னால ஒருக்கா இப்படி உக்காந்திருப்பானா?”

“உடு அம்மா” என்றார் அண்ணன்.

“சாமி, சாமி” என்று மாமியார் சும்மா இரண்டு தடவை சொல்லிப் பார்த்தார். நாய் ஏற்கெனவே உட்கார்ந்திருந்ததால், இன்னும் அழுத்தி உட்கார முயன்றது.

சங்கிலி வண்டியிலேயே கிடந்தது. காபி வாசனை வந்ததும் அண்ணன் நாற்காலியில் உட்கார்ந்தார். முதல் வாய் குடித்துவிட்டு, யாரையும் பார்க்காமல் சொன்னார்:

“தேங்காயும் இல்ல, ஒண்ணும் இல்ல. ஆடிக்கு வந்தப்பப் பின்னால கூட்டிட்டுப் போயி ஈரத்துண்டுல ஒண்ணு வெச்சேன். அந்த நெனப்புலதான் இன்னைக்கு உக்காந்துச்சு.”

என் கணவர் தலையசைக்கவும் இல்லை, மறுக்கவும் இல்லை. மாமியார் மட்டும், “வாயில்லாத சீவனப் போயி அடிச்சயா, கெட்டவனே?” என்றார். அண்ணன் சிரித்துக்கொண்டார்.

அவர் அன்று மாலையே நாமக்கல் திரும்பினார். நாய் எங்களோடு இருக்கிறது. மாமியாரின் கட்டிலுக்குப் பக்கத்தில்தான் தூங்குகிறது. அவர் விழவில்லை. ஐப்பசி பிறந்ததும் முட்டையும் வீட்டுக்குள் வந்துவிட்டது. இவையெல்லாம் நான் கண்ணால் கண்டு எழுதுபவை.

அந்த ஈரத்துண்டு விஷயம் அப்படியல்ல. ஆடிப்பெருக்கன்று சேற்றைக் கழுவ அண்ணன் புழக்கடைக் குழாய்க்குப் போனது உண்மை. நாய் பின்னாலேயே போனதும் உண்மை. தோளில் துண்டு இருந்தது. குழாயடியில் வேறு யாரும் இல்லை. அவர் அடித்திருந்தால், அன்போடு தன் முகத்தை நக்கிய ஒரு பிராணியை அடித்தவர். அடிக்காமலேயே அடித்ததாகச் சொல்லியிருந்தால், கொடுக்காத அடிக்குப் பெருமை கேட்பவர். இரண்டில் எந்த மனிதர் என் கூடத்தில் உட்கார்ந்து காபி குடித்தார் என்று எனக்குத் தெரியாது. அந்த ஞாயிறு, புறப்படும்போது அவர் துண்டை உதறித் தோளில் போட்டார். அப்போது நாய் கண்ணை மூடித் திறந்ததைப் பார்த்தேன். துணியை உதறினால் அடிபடாத நாயும் கண்ணை மூடும். ஆகவே அது சாட்சியாகாது. அவர் நாயை அடித்தாரா என்பது இதை எழுதும் நாள்வரை உறுதியாகவில்லை.